நானூற்றுப் பன்னிரண்டாம் எண்

மார்ச் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மருமகள் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிளம்பரைக் கூப்பிட்டா கால் மணி நேர வேலை மாமா." முப்பத்தெட்டு வருடம் பஸ்ஸுக்கு பிரேக் பார்த்தவனால் ஒரு குழாயை நிறுத்த முடியாதா? நிறுத்தினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, அது வேறு விஷயம். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

மாலையில் டெப்போவுக்குப் போனேன். நான் ஓய்வு பெற்று ஏழு வருடம். ஆனாலும் சங்கத் தலைவர் நான்தான். ஓய்வு பெற்றவரும் தலைவராக இருக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவனும் நான்தான். தேர்தலுக்கு மனுக் கொடுக்க இன்று கடைசி நாள். இருபத்திரண்டு வருடமாகத் தலைவர் பதவிக்கு ஒரே ஒரு மனுதான் வரும்.

இன்று பலகையில் இரண்டு பெயர். இரண்டாவதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தேன்.

உறுப்பினர் எண் 412. பேட்டரி பிரிவு. என் மருமகள்.

ஒன்றரை மணி நேரம் டார்ச் பிடித்தாளே, ஒரு வார்த்தை சொன்னாளா?

மார்ச் 4, புதன்

டீயில் சர்க்கரை போதவில்லை.

"வேணும்னுதான் கம்மியாப் போட்டேன். பலகையைப் பார்த்திருப்பீங்க, பிரஷர் ஏறியிருக்கும்னு."

"பிரஷருக்கு உப்பைத்தான் குறைக்கணும். சக்கரையை இல்ல."

"ரெண்டையும்தான் குறைச்சிருக்கேன். சாப்பிடும்போது தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க விதிப்புத்தகத்தை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நான் பயந்து வாபஸ் வாங்கியிருப்பேன்" என்றாள். பிறகு, தட்டைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: "பொம்பளைங்க ஓய்வறையை டீசல் பங்க் பின்னாடி மாத்துறதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க. பதினாறு பேர் துணி மாத்துற ரூம் மாமா. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அந்த ஒப்பந்தத்தில்தான் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு நாள் கூடுதல் விடுப்பு வாங்கினேன். எட்டு முறை பேச்சுவார்த்தை. அதை யாரும் பேசுவதில்லை.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவள் வேட்பாளர். இந்தப் பக்கம் மருமகள். சங்க விஷயம் படி தாண்டி உள்ளே வரக்கூடாது.

உப்பும் குறைவாகத்தான் இருந்தது.

மார்ச் 14, சனி

வேட்பாளர்கள் பேசும் கூட்டம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் என் விதி. சங்கத்தில் எவன் பேசினாலும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதினைந்தாவது நிமிடம் எழுந்து நிற்பேன். அதனால்தான் எனக்கு 'பிரேக்' என்று பெயர். பிரேக் பிரிவில் வேலை பார்த்ததால் என்று வெளியாட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் பதினாலு நிமிடத்தில் முடித்துவிட்டு, நேரே என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். நன்றாகப் பேசினாள். தப்பும் தவறுமாக நன்றாகப் பேசினாள்.

மகன் ஞாபகம் வந்தது. சங்கத்தில் அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். பழுதுபார்க்கும் வண்டியில் இரவு போகிறவர்களுக்கு ஒளிரும் சட்டை வேண்டும் என்று. பேச்சு பாதியில் இருக்கும்போது பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. எழுந்து நின்றேன். மகன் என்றால் மட்டும் விடுவேனா? "சரிப்பா" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

மீதியில் என்ன சொல்லியிருப்பான்?

மார்ச் 20, வெள்ளி

214 – 203.

பதினோரு ஓட்டு.

மார்ச் 21, சனி

ஹாரன் வந்தான். என்னோடு ஓய்வு பெற்ற டிரைவர். காதுக்குள் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

"பதினோரு ஓட்டுடா! ஒரு பஸ்ல படியில தொங்குற கூட்டம்கூட இல்லடா!"

உள்ளே அவள் இருக்கிறாள் என்று சைகை காட்டினேன். "இருக்கட்டுமே, ஜெயிச்சவங்களுக்கு ஜெயிச்ச ஓட்டு தெரியாதா?" என்று அதையும் அதே குரலில் சொன்னான். அவள் அவனுக்குப் பெரிய டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். "வாழ்த்துக்கள்மா" என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறான்.

அவன் போனதும் விதிப்புத்தகத்தை எடுத்தேன். விதி பதினெட்டு. தலைவர் பதவிக்கு நிற்பவர் ஐந்து ஆண்டுகள் இடைவிடாத உறுப்பினராக இருக்க வேண்டும்.

அவள் வேலையில் சேர்ந்து நாலு வருடம் இரண்டு மாதம்.

நான் சாதாரணமாக ஒன்றும் தூக்கம் கெட்டுப் போகிறவன் இல்லை.

மார்ச் 23, திங்கள்

வக்கீலைப் பார்த்தேன். சின்ன வயது, பெரிய மேசை. "ஐயா, இது தெளிவான கேஸ். தடை உத்தரவு வாங்கிடலாம்" என்றார். மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குப் பதவி ஆசை இல்லை. விதி விதிதான். பதினாலு வயதில் பஸ் கழுவ வந்தேன். பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். ஊர்ப் பெயர்ப் பலகையைத் துடைத்துத் துடைத்துத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்படிப் படித்தவன் எழுதிய விதிப்புத்தகம் அது. நிர்வாகத்தின் வக்கீல்கள் முப்பது வருடமாகத் தலைகீழாக நின்றும் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. வீட்டு ஆள் என்பதற்காக அதை வளைக்க முடியுமா?

அவளிடம் சொல்லவில்லை. அவள் சொன்னாளா?

மார்ச் 27, வெள்ளி

தடை கிடைத்துவிட்டது. வழக்கு முடியும்வரை புதிய நிர்வாகம் செயல்படக்கூடாது.

ஆனால் பழைய நிர்வாகமும் செயல்படக்கூடாதாம். சங்க அறையைப் பூட்டிச் சாவியைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தேன். இது நான் கேட்டதில் இல்லை. வக்கீல், "சகஜம்தான் ஐயா" என்கிறார்.

வீட்டுக்கு வந்து பையைத் துழாவினேன். கண்ணாடி இல்லை. காலையில் பழைய காகிதம் எடுக்க சங்க அறைக்குப் போனவன், மேசைமேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது அது பூட்டுக்குள். என் தடை, என் கண்ணாடி.

மார்ச் 30, திங்கள்

(கண்ணாடி இல்லாததால் எழுத்துப் பெரிதாக இருக்கிறது. நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.)

கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் கொண்டுவந்தார் ஒருவர். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பிரதிவாதி வீடு இதுதானே?"

"இதுதான்."

"நீங்க யாரு?"

"வாதி."

காகிதத்தைப் பார்த்தார். கதவிலக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐயா, காலையில இருந்து ஒன்பது வீடு ஏறி இறங்கிட்டேன். கால் விட்டுப் போச்சு. விளையாடாதீங்க."

விளக்கினேன். "அப்ப நீங்களே வாங்கி அவங்ககிட்ட குடுத்துடுங்களேன்" என்றார். முடியாது என்றேன். எதிர்த்தரப்பு நோட்டீஸை நான் எப்படி வாங்குவது? முறை என்று ஒன்று இருக்கிறது. உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். முதல் வாய் குடித்துவிட்டு டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

ஐந்து நாற்பதுக்கு அவள் வந்தாள். சட்டைக் கையில் பேட்டரி அமிலம் பட்டுப் புதிதாக இரண்டு துளை. நோட்டீஸை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முகம் ஒரு நிமிடம் வெறுமையாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

அந்த மனிதரால் பொறுக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த வீட்டுல ராத்திரிச் சாப்பாடு யாரு சமைப்பாங்க?"

"இன்னைக்கு வாதி முறை" என்றாள்.

சோறு குழைந்துவிட்டது. இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

டெப்போ வாசலில் நிர்வாகம் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஹாரன்தான் படித்துச் சொன்னான், தெருவுக்கே. இரவு ஷிப்டில் ஒவ்வொரு பழுதுபார்க்கும் குழியிலும் இனி ஒரு ஆள்தான். இரண்டு ஆள் கிடையாது.

ஒரு ஆள்! தலைக்குமேல் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் குழிக்குள் ஒற்றையாக ஒருவன்! கீழே விழுந்தால் கூப்பிட யார் இருக்கிறார்கள்? முப்பது வருடத்துக்கு முன்பே இதை ஒழித்தேன். ஆட்சேபக் கடிதம் ஏழு நாளுக்குள் போக வேண்டும்.

யார் கையெழுத்துப் போடுவது? அவளுக்குத் தடை. எனக்கும் தடை.

நிர்வாகத்துக்குத் தேதி பார்க்கத் தெரியும்.

ஏப்ரல் 8, புதன்

மேசைமேல் கண்ணாடிக் கடை விளம்பரத் தாள் ஒன்று. நான் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறாள்.

என் கண்ணாடி எனக்கு இருக்கும்போது இன்னொன்று எதற்கு? இன்னும் இரண்டு வாரத்தில் அறை திறந்துவிடும். தாளை மடித்து ஆடும் மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

அவள் தரப்பு பதில் தாக்கல் செய்துவிட்டது. கூடவே ஒரு சான்று: அவளுடைய உறுப்பினர் அட்டை.

அந்த அட்டை எனக்குத் தெரியாதா?

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்து, அவர் மனைவியோ கணவனோ டெப்போவில் வேலைக்கு வந்தால், புது எண் கொடுப்பதில்லை. இறந்தவரின் அட்டையிலேயே, அவர் பெயருக்குக் கீழே இவர் பெயரை எழுதி 'தொடர்ச்சி' என்று போடுவோம். எண்ணும் அதேதான், சேர்ந்த வருடமும் அதேதான். இது விதிப்புத்தகத்தில் இல்லை. நான் ஆரம்பித்துவைத்தது. இதுவரை பதினைந்து பேர். பதினைந்து அட்டையிலும் என் கையெழுத்து.

412 என் மகனுடைய எண். ஒன்பது வருடம் அவன் வைத்திருந்தான். மழையில் பழுதான பஸ்ஸைப் பார்க்கப் போன இடத்தில், ரோட்டில், பின்னால் வந்த லாரி - அதற்கு மேல் இந்த நோட்டில் நான் எழுதியதில்லை. இப்போதும் எழுதப் போவதில்லை.

வக்கீல் போன் செய்தார். "கவலைப்படாதீங்க ஐயா. பதில் வாக்குமூலம் தயார் பண்றேன். ஒரே அடியில உடைச்சுடலாம்."

ஏப்ரல் 17, வெள்ளி

வாக்குமூலம் வந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார். நாலு பக்கம், எறும்பு மாதிரி எழுத்து. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கையை நீட்டி வைத்துப் பார்த்தேன். மகனுடைய கருவிப்பெட்டியில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு, அதை வைத்துப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் ஆறு வரி. ஹாரனைக் கூப்பிட்டால் ஊரே கேட்கும்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "குடுங்க மாமா, படிச்சுச் சொல்றேன்."

"கேஸ் விஷயம் வீட்டுக்குள்ள கூடாது."

"சரி." எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே நடைபாதையில் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப வெளியிலதானே இருக்கேன்?"

நான் படிக்கு உள்ளே உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், பார்த்தார், சத்தமில்லாமல் மூடிக்கொண்டார்.

எனக்கு எதிராக அவள் கொடுத்த சான்றை உடைக்க, என் வக்கீல் எழுதியதை, அவளே எனக்குப் படித்துக்காட்டினாள். பேட்டரி அளவு படிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். இரண்டாம் பக்கத்தில்:

"மேற்படி உறுப்பினர் எண் 412, அதற்குரியவர் இறந்த தேதியோடு முடிவடைந்துவிட்டது. அதன் பிறகு அந்த எண்ணுக்கு எவ்வித மதிப்பும் இல்லை. அட்டையில் உள்ள 'தொடர்ச்சி' என்ற சொல், மகனை இழந்த துக்கத்தில் என்னால் நிதானமின்றி எழுதப்பட்டது."

நிறுத்தினாள்.

"நிதானமின்றின்னு போட்டிருக்கார் மாமா. இருக்கட்டுமா?"

"மேல படி" என்றேன்.

படித்தாள். கடைசிவரை படித்தாள். தாளை அடுக்கி என் கையில் கொடுத்து, நாற்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டு, மீதித் துணியை மடித்தாள். என் சட்டைகளை எப்போதும் போலக் காலர் மடங்காமல்.

ஏப்ரல் 18, சனி

கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

கேண்டீன் நடத்துகிற அம்மா வந்திருந்தாள். அவளும் ஒரு தொடர்ச்சி. எண் 88. அவள் புருஷன் டயர் பிரிவில் இருந்தவன், நெஞ்சு வலியில் போனான். பதினேழு வருடம் ஆயிற்று.

மருமகள் கடைக்குப் போயிருந்த நேரம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். இப்பவும் சொல்றேன், உங்களுக்குத்தான் போட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"டெப்போவுல பேசிக்கிறாங்க. 412 செத்துப்போச்சுன்னு நீங்க எழுதிக் குடுக்கப் போறீங்களாமே. அப்ப என் எண்பத்தெட்டும் செத்துப்போச்சாண்ணே?"

சட்டம் வேறு, வழக்கம் வேறு என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கே என் பேச்சு பிடிக்கவில்லை. பாதியில் விட்டேன்.

"நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 20, திங்கள்

வக்கீலிடம் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று போனில் சொன்னேன். பொய். "அப்ப இருபத்தெட்டாம் தேதி நேர்ல கோர்ட்டுக்கு வாங்க, அங்கேயே கையெழுத்துப் போடலாம். நூத்துக்கு நூறு ஜெயிக்கிறோம்" என்றார்.

ஜெயிக்கிறோமாம்.

ஏப்ரல் 25, சனி

நான் ஒருவனிடம்தான் பொய் சொன்னதில்லை, இந்த நோட்டிடம்.

அந்தச் சொல்லை எழுதிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் வேலையில் சேர்ந்த முதல் நாள். சங்க அறையில் என் எதிரே உட்கார்ந்திருந்தாள், புதுச் சட்டை, பெரிய அளவு. அட்டையை எடுத்து வைத்தேன். தொட மாட்டேன் என்றாள். "இது அவரோட கார்டு மாமா." அவள் அம்மா வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டபோது, "மாமாவுக்கு டீ போடத் தெரியாது" என்று சொல்லிப் போக மறுத்தவள். அந்த ஒரு காரணம்தான் சொன்னாள். வேறு காரணம் நான் கேட்கவில்லை.

பேனாவை உதறிப் பார்த்தேன். மை ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே அவன் பெயர். கீழே அவள் பெயர். பிறகு 'தொடர்ச்சி'. மை காயும்வரை ஊதினேன். 'இனி உன்னோடது' என்றேன்.

நிதானமின்றியாம்!

ஆயிரம் கடிதம் எழுதியிருக்கேன். ஒரு கடிதத்துல ஒரு அடித்தல் காட்டட்டும் பார்ப்போம். எவன்யா சொன்னது நிதானம் இல்லாம எழுதினேன்னு? நான் சொன்னேனா? என் வாயால சொன்னேனா? துக்கம் வந்தா மனுஷனுக்குப் புத்தி போயிடுமா?

டீ ஆறிவிட்டது. அவள் போட்டது. சர்க்கரை குறைவாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஒரே பஸ்ஸில்தான் போனோம். டிரைவர் எங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வாதிக்கு ஜன்னல் சீட்டா, பிரதிவாதிக்கா?" என்றான். அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள். பையில் என் மாத்திரையும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்திருந்தாள். கோர்ட் வாசலில் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் வக்கீலோடு அந்தப் பக்கம் போனாள்.

என் வக்கீல் வாக்குமூலத்தை நீட்டினார். "அந்த ஒரு வரியை எடுத்தாப் போடுறேன்" என்றேன். "ஐயா, அந்த வரிதான் கேஸே." அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி அம்மா, வயதானவர். சளி பிடித்திருந்தது. அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வக்கீல் அது துக்கத்தில் எழுதியது என்று சொல்லி வாக்குமூலத்துக்கு அவகாசம் கேட்கும்போதே என்னைக் காட்டி, "வாதி இங்கேதானே இருக்கார், அவரே சொல்லட்டும்" என்றார். கூண்டில் ஏறினேன்.

"இந்த எழுத்து யாரோடது?"

அட்டையைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தேன். எழுத்து கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் கோடு தெரிந்தது. "என்னோடதும்மா."

"உங்க மகன் இறந்த துக்கத்துல எழுதினதுன்னு உங்க தரப்புல சொல்றாங்களே?"

வக்கீல் தலையாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"துக்கம் இருந்துச்சும்மா. நிதானமும் இருந்துச்சு."

நீதிபதி எழுதிக்கொண்டார்.

"அப்படின்னா, உங்க கணக்குப்படி இந்த உறுப்பினர் சங்கத்துல எத்தனை வருஷமா இருக்காங்க?"

"பதிமூணு வருஷம் மூணு மாசம்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அஞ்சு வருஷம் ஆகலைங்கறதுதானே உங்க வழக்கு? அப்புறம் வழக்கு எங்கே இருக்கு?"

"இல்லம்மா" என்றேன். "இந்த வழக்கம் விதிப்புத்தகத்துல இல்ல, அது தப்புதான். அந்தத் தப்பு என்னோடது. இவங்களோடது இல்ல. பதினஞ்சு பேரோடதும் இல்ல."

மனு வாபஸ் ஆனது. தடை நீங்கியது. வக்கீல் என்னோடு பேசவில்லை. தாள்களை அடுக்குகிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

திரும்பும்போதும் ஒரே பஸ். ஐந்தாவது நிறுத்தத்தில், "மாத்திரை போட்டீங்களா?" என்றாள். போடவில்லை. போட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் சீட்டு இந்த முறை அவளுக்கு. முகம் எனக்குத் தெரியவில்லை. தோள் தெரிந்தது. நான் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 29, புதன்

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை.

டீயில் சர்க்கரை பழைய அளவு.

மே 5, செவ்வாய்

அறை திறந்தாகிவிட்டது. அவள் முதல் வேலையாகக் குழி ஆட்சேபக் கடிதத்தை அனுப்பியிருக்கிறாள். ஏழு நாள் கெடு தாண்டிவிட்டதே என்று நிர்வாகம் சொன்னதாம். "நீதிமன்றத் தடையில் இருந்த நாட்கள் கணக்கில் வராது" என்று வாதாடி, எடுத்துக்கொள்ளவைத்துவிட்டாள். விதி இருபத்தாறு. அவளுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

மாலையில் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மேசை மேலேயே இருந்துச்சு மாமா. ஒரு மாசத் தூசி." சட்டை நுனியால் துடைத்திருக்கிறாள். போட்டுப் பார்த்தேன். முதலில் தெரிந்தது அவள் கைதான். அமிலம் பட்ட இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்பு. நாலு வருடமாக இருந்திருக்க வேண்டும்.

மே 9, சனி

பெண்கள் ஓய்வறை காலியாக இருக்கும் நேரம் பார்த்து, கேண்டீன் அம்மாவைத் திறக்கச் சொல்லிப் போய்ப் பார்த்தேன். ஒரு ஜன்னல், அதுவும் பங்க் பக்கம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் தலை வலித்தது. பத்து நிமிடம் உட்கார்ந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சாப்பிடும்போது, "பழைய டிக்கெட் ஸ்டோர் காலியாத்தான் கிடக்கு, கிழக்குப் பார்த்த ஜன்னல்" என்றேன், பொதுவாக.

"சங்க விஷயம் வீட்டுக்குள்ள கூடாது மாமா" என்றாள். ஆனால் எழுந்து போய்ப் பேப்பரில் குறித்துக்கொண்டாள்.

மே 30, சனி

ஆண்டுக் கூட்டத்தில் விதித் திருத்தம் கொண்டுவருகிறாள்: எண் தொடரும் என்று விதிப்புத்தகத்திலேயே எழுத. நகலைச் சாப்பாட்டு மேசையில், ஆடாமல் இருக்கும் அந்தக் காலுக்கு நேர் மேலே, வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பேனாவையும் பக்கத்தில் வைத்திருந்தாள்.

ஏழு இடத்தில் அடித்தேன். மூன்று இடத்தில் சரியாக எழுதியிருக்கிறாள், அதைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

ஆண்டுக் கூட்டம். பணிமனைக் கொட்டகையில் பஸ்களை வெளியே எடுத்துவிட்டு, குழிகளுக்குமேல் பலகை போட்டு, நாற்காலி. நான் நாலாவது வரிசையில், ஹாரனுக்குப் பக்கத்தில். சாதாரண உறுப்பினராக உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம். நாற்காலி அதேதான், முதுகு வலிக்கிறது.

திருத்தம் நிறைவேறியது. அதற்கு முன் எழுந்து ஒரு ஆட்சேபம் சொன்னேன். ஒரு வாக்கியம் நீளமாக இருந்தது. ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காமல் எங்கே போவார்கள்?

பிறகு தலைவர் உரை. விதிப்படி பதினைந்து நிமிடம். பெண்கள் ஓய்வறை கிழக்குப் பக்கம் போவது பற்றிச் சொன்னாள். குழியில் இரண்டு ஆள் மறுபடி வந்ததைச் சொன்னாள். கேண்டீன் அம்மா முன்வரிசையில் கை தட்டினாள். அதற்குப் பிறகு தாளைப் பார்க்காமல், இரவில் வண்டியோடு ரோட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒளிரும் சட்டை வேண்டும் என்று ஆரம்பித்தாள். இது ஒருவர் பாதியில் விட்ட பேச்சு, அதைத்தான் முடிக்கப் போகிறேன் என்றாள்.

அப்போது பதினைந்து நிமிடம் நெருங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன. அவளும் பேசிக்கொண்டே பார்த்தாள். ஹாரன் முழங்கையால் இடித்தான்.

கண்ணாடியைக் கழற்றினேன். சட்டை நுனியால் துடைத்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்குக் கடிகாரம் தெரியாது. நன்றாகத் துடைத்தேன், இரண்டு பக்கமும்.

பத்தொன்பது நிமிடம் பேசினாள் என்று ஹாரன் பிறகு சொன்னான். இருக்கலாம். நான் பார்க்கவில்லை.